மூன்று நிமிடம்

கோயம்புத்தூரில், வண்டி இன்ஜினின் செட்டிங்கை மாற்றி வேகம் கூட்டிய லேப்டாப்பை மூடிவிட்டு அந்த ஆள் இரண்டு விஷயம் சொன்னான்.

"லோடோட ஏத்தத்துல முழுசா மிதிக்காதீங்க. ஏறி முடிச்ச உடனே ஆஃப் பண்ணாதீங்க. மூணு நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டுத்தான் சாவியத் திருப்போணும்."

"எதுக்குங்க?" என்று சுகுணா கேட்டாள்.

"இன்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போ கொதிச்சுட்டுச் சுத்திட்டு இருக்குங்க. இன்ஜின் நின்னா ஆயில் ஓட்டமும் நின்னுரும். உள்ள கெடக்குற ஆயில் கருகிப்போகும். கம்பெனி செட்டிங்னா ஓரளவு தாங்கும். இது இனி கம்பெனி செட்டிங் இல்லீங்க."

விஜயன் ஒன்று மட்டும் கேட்டான். "மூணாங் கியர்ல ஏறுமா?"

"ஏறும்."

ஏறியது.

பச்சைத் தேயிலை விலை கிலோ எட்டு ரூபாய்க்கு இறங்கியிருந்தது. பள்ளத்துக் காலனியைச் சுற்றி இருந்த நான்கு ஃபாக்டரிகளில் மூன்று மூடிவிட்டன. மிச்சம் இருந்தது மேட்டு ஃபாக்டரி. பதினொரு கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். அங்கே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி இலைதான் எடுப்பார்கள். பன்னிரண்டாவது வண்டி உள்ளே போனதும் கேட்டில் சங்கிலி விழும். வெளியே நின்றவர்கள் திரும்ப வேண்டியதுதான். திரும்பிய இலை வலை மூட்டைக்குள்ளேயே சூடேறி, காலையில் சிவந்து கிடக்கும். சிவந்த இலையை யாரும் வாங்க மாட்டார்கள்.

விஜயனின் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவனும் மனைவி சுகுணாவும் இங்கே தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். தோட்டம் ஆள் குறைத்தபோது இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். கையில் கிடைத்த பணத்தை ஒரு பழைய பிக்கப்பில் போட்டார்கள். காலனியில் முப்பத்தெட்டு வீடுகள். வீட்டுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை. பாதிப் பேர் விஜயன் வண்டிக்கும் பாதிப் பேர் சின்னராஜ் வண்டிக்கும் இலை போட்டார்கள். சின்னராஜ் வண்டி புதிது.

ஒரே மாதத்தில் விஜயன் இரண்டு முறை சங்கிலிக்கு வெளியே நின்றான். இரண்டாம் முறை திரும்பியபோது இலை ஷெட்டில் கிருஷ்ணம்மாள் காத்திருந்தாள். அவளுக்கு முக்கால் ஏக்கர்.

"விஜயா, உன் மேல கோவம் இல்ல. ஆனா இன்னொருக்கா இலை திரும்புச்சுன்னா நாங்க எல்லாரும் சின்னராஜ் வண்டிக்குத்தான் போடுவோம். உன்னைப் பாத்துட்டு இருந்தா எங்க அடுப்பு எரியாது."

ஓட்டம் போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் திருப்பூரில் யாராவது வேலை தரவேண்டும். காலனியில் ஏற்கெனவே ஒன்பது வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதற்கு அடுத்த வாரம்தான் கோயம்புத்தூர் போனார்கள்.

முதல் நாள் விஜயன் சொன்னபடி செய்தான். ஃபாக்டரிக்கு முந்தைய வளைவில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஓட விட்டான். சுகுணா போனில் நேரம் பார்த்தாள். இரண்டாம் நிமிடத்தில் சின்னராஜ் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டினான். மூன்றாம் நிமிடத்தில் இன்னும் இரண்டு வண்டிகள். விஜயன் பதினொன்றாவதாக உள்ளே போனான்.

கேட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே முடியாது. இலை வாட்டும் மாடி கேட்டுக்கு நேர் மேலே இருந்தது. பெரிய மின்விசிறிகள் வெளிக்காற்றை இழுத்து இலைக்கடியில் ஊதும். டீசல் புகை உள்ளே போனால் டீத்தூளில் வாசம் ஏறும், ஏலத்தில் யாரும் தொட மாட்டார்கள். அதனால் கேட்டில் நுழைந்ததும் சாவியைத் திருப்பிவிட வேண்டும். அங்கிருந்து எடை மேடை வரை கையால் தள்ளுவார்கள். ஒருவன் வண்டியை மற்ற டிரைவர்கள் நான்கு பேர் தள்ளுவார்கள். அது அங்கே வழக்கம். இலை சூப்பர்வைசர் இராஜமாணிக்கம் கேட்டிலேயே நிற்பார்.

"பதினொண்ணுதானுங்களே," என்றாள் சுகுணா. "உள்ளாரதான் இருக்கறோம்."

"இன்னும் ரெண்டு வண்டி வந்திருந்தா?"

அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் அவன் வளைவில் நிற்கவில்லை.

"ஏனுங்க, மூணு நிமிசம்?"

"நாளைக்கு."

திரும்பி இறங்கும்போதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதில்லை. விலை விழுந்த நாளிலிருந்து எல்லா டிரைவர்களும் அப்படித்தான். நியூட்ரலில் போட்டால் பாலம் வரை வண்டி தானாக உருளும். பாலத்தில் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் பிடிக்கும். அங்கிருந்து காலனி மேட்டுக்கு அரை கிலோமீட்டர். மிச்சமாகும் டீசல்தான் அன்றைய லாபம். முழு ஏற்றம் ஏறிச் சிவந்த டர்போ ஒரு சொட்டு ஆயில் ஓடாமல் அப்படியே ஆறியது. தினமும். கோயம்புத்தூர் ஆள் இதைக் கேட்கவில்லை. விஜயனும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் விஜயன் முதல் மூன்று வண்டிக்குள் இருந்தான்.

"வண்டிக்கு என்ன கஷாயம் குடுத்த?" என்றான் சின்னராஜ், பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே.

"சுக்கு."

"எனக்கும் ரெண்டு துண்டு குடு."

"உன் வண்டி சின்னப் புள்ள. தாங்காது."

தள்ளியவர்கள் சிரித்தார்கள். கிருஷ்ணம்மாள் தன் தங்கை வீட்டு இலையையும் விஜயன் வண்டிக்கு மாற்றினாள்.

சத்தத்தை முதலில் கேட்டது சுகுணா. ஏற்றத்தில், குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுவதுபோல ஒரு சத்தம்.

"இது முன்னாடி இல்லீங்க."

"பவர் கூடுனா சத்தமும் கூடும்."

ஒரு வாரம் கழித்து, காலி வண்டியுடன் குன்னூர் போனபோது கொர்னேலியஸ் பட்டறையில் நிறுத்தினார்கள். கொர்னேலியஸ் பானெட்டைத் திறந்து, ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டார். விரல் கறுப்பு எண்ணெயோடு வந்தது. அதை விஜயன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க காத்து மட்டும்தான் போகணும். இது என்ன?"

"ஆயில்."

"தெரியுதில்ல. யாரு கை வெச்சது இதுல?"

"கோயம்புத்தூர்ல."

"அவன் உனக்குக் குதிர வேகம் குடுத்துட்டான். உன் பழைய வண்டி குதிரயாடா? ரெண்டு நாள் வண்டிய விடு. டர்போவக் கழட்டணும். பழைய செட்டிங்கத் திரும்பப் போட்டுரு."

"பழைய செட்டிங்ல சங்கிலிக்கு வெளியதான் நிப்பேன். ரெண்டு நாள் விட்டாலும் ஓட்டம் போயிரும்ண்ணே."

"விடலன்னா வண்டி போயிரும்."

"எப்ப?"

"நான் ஜோசியக்காரனாடா? நாளைக்கே போகலாம். ஆறு மாசமும் ஓடலாம்."

விஜயன் ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டான்.

வரும் வழியில் சுகுணா ஒரு முறை மட்டும் பேசினாள். "ரெண்டு நாள் இலைய சின்னராஜண்ணன் கிட்டக் கேட்டு ஏத்தலாமுங்க."

"ஏத்துவான். அப்பறம் எறக்க மாட்டான்."

பதினாறு நாள் ஓடியது.

பதினேழாம் நாள் வியாழக்கிழமை. முந்தின இரண்டு நாள் மழையில் பாதிப் பேர் இலை பறிக்கவில்லை. அன்று வண்டி நிறைய மூட்டை. அதற்கு மேலும் எட்டு மூட்டைகளைக் கட்டினார்கள். சுகுணா ஒவ்வொரு மூட்டையிலும் பேர் அட்டையைக் கட்டினாள். ஏற்றத்தில் விஜயன் காலை எடுக்கவே இல்லை. சீறல் கூடியது. கடைசி வளைவில் சின்னராஜைத் தாண்டி, இரண்டாவது வண்டியாகக் கேட்டுக்குள் நுழைந்து சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் நிற்கவில்லை.

சாவியை மறுபடி போட்டுத் திருப்பினான். இன்ஜின் சத்தம் உயர்ந்தது. யாரும் மிதிக்காமலே உயர்ந்தது. பின்னால் வெள்ளைப் புகை கொட்டியது.

"ஆஃப் பண்ணுய்யா!" என்று இராஜமாணிக்கம் ஓடி வந்தார். "மேல இலை இருக்கு, ஆஃப் பண்ணு!"

விஜயன் கீழே குதித்துச் சாவியைக் காட்டினான். "ஆஃப்தான் சார் பண்ணியிருக்கேன்."

சாவி அவன் கையில் இருந்தது. இன்ஜின் டீசலைக் கேட்கவில்லை. உடைந்த டர்போ வழியாகத் தன் ஆயிலையே இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"காத்த அடைங்க!" என்று யாரோ கத்தினார்கள். சுகுணா கைக்கு அகப்பட்ட காலி மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடி, பானெட்டைத் தூக்கி, இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயில் அமுக்கினாள். அது வலை. இலைக்குக் காற்றுப் போக வேண்டும் என்று வலையில் தைத்தது. குழாய் அதன் வழியாகவே காற்றை இழுத்தது. சின்னராஜ் தன் வண்டியை விட்டு ஓடி வந்தான். "கியர்ல போட்டு பிரேக்க அமுக்கு, நின்னுரும்!" என்று கதவைத் திறந்தான். உள்ளே புகை. ஒரு காலை எடுத்து வைத்தான்.

இரும்பு இரும்பில் இறங்கிய சத்தம் ஒன்று வந்தது. இன்ஜின் இறுகி நின்றது. மேலே மின்விசிறிகள் மட்டும் ஓடின. புகை முழுவதையும் அவை மாடிக்கு இழுத்துக்கொண்டிருந்தன.

இராஜமாணிக்கம் மாடிக்குப் போய் ஒரு கைப்பிடி இலையோடு இறங்கி வந்தார். முகர்ந்து பார்த்தார். விஜயன் மூக்கருகே நீட்டவில்லை. கீழே போட்டார்.

"இன்னைக்கு இலை எடுக்கல. எல்லாரும் திரும்புங்க." பிறகு விஜயனிடம், "இனிமே இந்தக் கேட்டுக்கு வராத," என்றார். குரலை உயர்த்தவில்லை.

தினமும் உள்ளே தள்ளியவர்கள் அன்று வெளியே தள்ளினார்கள். வண்டியின் முகத்தைப் பள்ளத்தின் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

சின்னராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "விஜயா, நாளையிலேர்ந்து உன் ஆளுங்க இலையையும் நானே ஏத்திக்கறேன். அவங்களுக்காவது ஒரு வழி வேணுமில்ல."

"ஏத்திக்க."

நியூட்ரலில் இறங்கினார்கள். இன்ஜின் இல்லாமல் பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். காலி வண்டியில் அது பழகியிருந்தது. அன்று பின்னால் இரண்டு டன் இலை. விஜயன் எழுந்து நின்று மிதித்தான். சுகுணா இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ரப்பர் கருகும் வாசம் வந்தது. நடுவழியில் அவள் கேட்டாள்.

"கல்லுல கொண்டுபோய் முட்டி நிறுத்தீறலாமுங்களா?"

"பாலம் வரைக்கும் போயிரும்."

போயிற்று. இத்தனை நாளும் போல, சத்தமில்லாமல்.

பாலத்தில் வண்டி மெதுவாகி நின்றது. அங்கிருந்துதான் காலனி மேடு. விஜயன் பழக்கத்தில் சாவியைத் திருப்பினான். மீட்டர் விளக்குகள் மட்டும் எரிந்தன. இன்ஜின் அசையவில்லை.

"தள்ளலாமுங்களா?"

"லோடோட நகராது."

சுகுணா இறங்கிப் பின்னால் போனாள். பின் கதவின் கொக்கியைத் தட்டித் திறக்கும் சத்தம் கேட்டது. மேலே இருந்த மூட்டையில் கிருஷ்ணம்மாள் பேர் அட்டை. வலைக்குள் கையை விட்டாள். இலை கொதித்தது.

மூட்டையை ரோட்டோரத்தில் இறக்கிவைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள்.