இடப்பக்க இருக்கை

எங்கள் கிளப்பில் வண்டிகளைச் சோதிக்கும் சைக்ஸுக்கு ஒரே கொள்கைதான். எந்த வண்டி தன் சக்கரத்தில் பந்தயத்துக்கு வந்து, ஓடி, அதே சக்கரத்தில் வீடு திரும்புகிறதோ, எதில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இன்னொரு மனிதர் உட்கார முடிகிறதோ, அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். மற்றதெல்லாம் பந்தய இயந்திரம். வேகம், விலை, அழகு எதையும் அவர் பொருட்படுத்துவதில்லை.

பக்கத்து இருக்கையில் மட்டும் அவர் கண்டிப்பு அதிகம். ஒரு தகரத்தை வளைத்து வைத்துவிட்டு இருக்கை என்று சாதிப்பவர்களை அவர் நிறையப் பார்த்தவர். அதனால் வளர்ந்த ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்து கதவைச் சாத்திக் காட்ட வேண்டும். சாத்தினால் ஸ்டியரிங்கில் ஒரு பச்சை அட்டையைக் கட்டிவிடுவார். அட்டை இல்லாத வண்டி ஓடுதளத்துக்குள் போக முடியாது.

எங்கள் வண்டியை ஓட்டுவது நான். கட்டுவதும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதும் என் கணவன் லயனல். பழைய ஆஸ்டின் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அலுமினியத் தகடு வளைத்து அவனே கட்டிய வண்டி அது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பாதியைப் பிரித்துத் திரும்பக் கட்டுவான். பொண்டாட்டி ஓட்டுகிறாள், இவன் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று கிளப்பில் கேலி செய்வார்கள்.

"மூட்டைதான். மூட்டைக்கு இடம் இல்லன்னா அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லடா" என்பான் லயனல்.

1955 இலையுதிர் காலத்தில் அவனுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. லெஸ்டர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். நோயாளியிடம் சொல்வது அப்போது வழக்கமில்லை. லயனலும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் எடை என்றால் வண்டியின் எடைதான்.

"இந்த வருஷம் நல்லா இளைக்க வைக்கணும் இவளை" என்று சொல்லிக்கொண்டு, மேல்கோட்டைப் போட்டபடியே மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து வேலை செய்வான். சட்டத்தில் துளைகள் போட்டான். தரைத் தகட்டை மெல்லியதாக மாற்றினான். நான் பார்லி கஞ்சியோடு போனால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். திரும்பி வரும்போது அது ஆறிப் போய் ஆடை படிந்து இருக்கும்.

கடைசியாக இடப்பக்க இருக்கைக்கு வந்தான். பழைய இரும்பு இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, மெத்தைக்கு இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி புதிதாக அலுமினியத்தில் செய்ய நினைத்தான். அளவு எடுப்பதற்காக வண்டிக்குள் இறங்கிக் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"சாக்பீஸை எடு மியூரியல். ஒட்டிக் கோடு போடு."

"கொஞ்சம் தள்ளிப் போடவா?"

"எதுக்கு? நான்தானே உக்காரப் போறேன். தள்ளிப் போட்டா தகரம் வீண்."

இடுப்பை ஒட்டி இரண்டு பக்கமும் கோடு போட்டேன். தரை சமமாக இல்லாததால் கோடு நேராக வர வேண்டும் என்பதிலேயே என் கவனம் இருந்தது. கோட்டின் மேல் பக்கத் தகடுகளை நிறுத்தி, ரிவெட் அடித்து, உள்ளே மெல்லிய மெத்தை வைத்தான். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கையுறை மாதிரி இருக்கு" என்றான். பிப்ரவரிக் கடைசியில் இறந்தான். வண்டிக்கு வண்ணம் அடிப்பது மட்டும் பாக்கி இருந்தது.

ஏப்ரலில் வருடத்தின் முதல் பந்தயம். போர் முடிந்ததிலிருந்து விமானம் இறங்காத ஒரு பழைய விமானத் தளத்தில் எங்கள் கிளப் பந்தயம் நடத்தும். லயனல் ஜனவரியிலேயே பெயர் கொடுத்திருந்தான். போகாதே என்று என் அக்கா சொன்னாள். பரிசுக்காக நான் போகவில்லை. அவன் கட்டிய கடைசி வண்டி சைக்ஸிடம் அட்டை வாங்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் கருவிப் பையை வைத்துக்கொண்டு, தூறலில், கூரையில்லாத வண்டியில் கிளம்பினேன்.

தேநீர்க் கூடாரத்தில் எல்லோரும் இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது. ஹம்ஃப்ரியின் மனைவி தெல்மா என்னைப் பார்த்ததும் ஒரு கோப்பையைக் கையில் திணித்து, "இவன் வண்டில ஹீட்டர் போட்டிருக்கான், கேட்டியா?" என்றாள்.

"கால் விறைக்குது மியூரியல்" என்றான் ஹம்ஃப்ரி. "எனக்கு என்ன இருபது வயசா?"

"மேல கூரை இல்ல, உள்ள ஹீட்டர். வானத்தையே சூடு பண்ணப் போறாரு துரை" என்றான் கொடி காட்டும் வில்ஃப்.

"அப்போ எதுடா ஸ்போர்ட்ஸ் கார்? நிமோனியா வந்தாத்தான் ஒத்துக்குவியா?"

"ஆமா. சாகுற வரைக்கும் நடுங்கணும். அப்பத்தான்..." என்று ஆரம்பித்த வில்ஃப், நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கலக்க ஆரம்பித்தான். வெகுநேரம் கலக்கினான்.

"லயனல் என்ன சொல்லிருப்பான்?" என்று ஹம்ஃப்ரி தன் கோப்பையிடம் கேட்டான்.

"ஹீட்டர் எத்தனை பவுண்டு கனம்னு கேட்டிருப்பான்" என்றேன்.

எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள். அன்று லயனலைப் பற்றி யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

சோதனைக் கொட்டகையில் சைக்ஸ் வழக்கம்போலக் குனிந்து நிமிர்ந்தார். விளக்குகளைப் போடச் சொன்னார். ஹார்ன் அடிக்கச் சொன்னார். உபரிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். துளை போட்ட சட்டத்தின் மேல் விரலை ஓட்டி, "சுத்தமான வேலை, மிஸஸ் ஆஷ்பி" என்றார். அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர். பிறகு நிமிராமலே, "யாரு உக்காரப் போறது?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று நினைத்தவர்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் உக்காரறேன்" என்று வந்தான் ஹம்ஃப்ரி. காலை உள்ளே விட்டு இறங்கியவன் பாதியிலேயே பக்கத் தகடுகளின் மேல் சிக்கிக்கொண்டான்.

"என்னது இது, மெத்தையே இன்னும் எட்டலையே."

"உனக்கெல்லாம் பஸ் சீட்டுதான் சரி. எந்திரி, தகரத்தை நெளிச்சுடாத" என்றாள் தெல்மா. அவள் ஒல்லி. கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். இடுப்பெலும்பு தட்டியது. கம்பளிச் சட்டையையும் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி முயன்றாள்.

"மூச்சை விடு தெல்மா" என்றான் வில்ஃப்.

"மூச்சு என்ன இடுப்புலயா இருக்கு?"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த, பெயர் தெரியாத ஒருவன், "இதை எந்தக் குழந்தைக்காகக் கட்டினாங்க?" என்று கேட்டான்.

சைக்ஸ் இரும்பு அளவுகோலை எடுத்து இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே வைத்தார். படித்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் படித்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் வருடம் லயனல் உட்கார்ந்தபோது அவன் இடுப்பு அகலத்துக்குக் கதவைச் சாத்த முடியவில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் அந்த இருக்கையைப் பார்த்தேன். ஐந்து மாதம் தினமும் அவனைக் குளிப்பாட்டித் துடைத்தும் என் கண்ணில் படாதது அங்கே இரண்டு தகரங்களுக்கு நடுவே இருந்தது. அவ்வளவுதான் மிஞ்சியிருந்தான். அந்த அளவுக்கு நானே கோடு போட்டிருக்கிறேன்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். தெல்மா தகடுகளில் கை படாமல் எழுந்து வெளியே வந்தாள்.

சைக்ஸ் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்தார். ஸ்டியரிங்கில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

"கட்டாதீங்க மிஸ்டர் சைக்ஸ்."

"ஒண்ணும் பேசாதீங்க. போய் ஓட்டிட்டு வாங்க."

"யாரும் உக்காரலையே."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு கட்டினா அது அட்டை இல்ல. எனக்கு நீங்க அனுப்புற மலர்வளையம்."

அவர் கை நின்றது. "வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாதவர். "ஒத்தை இருக்கை வண்டிங்களோட விடலாம். அதுங்க பக்கத்துல இது நிக்காது. இல்லன்னா வீட்டுக்குத்தான் அனுப்பணும்."

"பக்கத் தகடு கட்டாயமா?" என்று கேட்டான் ஹம்ஃப்ரி.

"இல்ல. மெத்தையும் முதுகுத் தகடும் போதும்."

"அப்போ பத்து நிமிஷ வேலை. ரெண்டையும் வெட்டி எடுத்துட்டா..." என்றவன் என்னைப் பார்த்தான். "நீ சொன்னாத்தான் மியூரியல்."

வெட்டினால் அது ஸ்போர்ட்ஸ் கார். வெட்டாவிட்டால் அவன் கட்டியது வெறும் இயந்திரம். லயனலிடம் கேட்க முடிந்திருந்தால் தயங்காமல் தகரம் வெட்டும் கத்தரியை நீட்டியிருப்பான். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் எதுவும் எளிதாகவில்லை.

"வெட்டு" என்றேன்.

கத்தரி அலுமினியத்தில் ஏறும்போது எழும் சத்தத்தை எங்கள் கொட்டகையில் எத்தனையோ குளிர்காலங்களில் கேட்டிருக்கிறேன். ஹம்ஃப்ரி மெதுவாகத்தான் வெட்டினான். அடியில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. கூர்முனை குத்தாமலிருக்க விளிம்பை மடித்துத் தட்டினான். மெத்தை தளர்ந்து, இருந்த இடம் முழுக்கப் பரவியது. தெல்மா உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்ததால் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"சரி" என்றார் சைக்ஸ். அட்டையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வண்டி அருமையாக இருந்தது. நான் நினைப்பதற்குள் திரும்பியது. வளைவில் பின்பக்கம் லேசாக நழுவி, தானே நின்று, என்னை எதிர்பார்த்தது. அத்தனை வருடம் அவன் தேடியது அன்று என் கைக்கு வந்திருந்தது. நான்காவதாக வந்தேன். முன்னால் போன மூன்றும் எங்களைவிடப் பெரிய எஞ்சின் உள்ளவை. வந்து நின்று எஞ்சினை அணைத்ததும், மேற்கு வளைவில் அது எப்படி நடந்துகொண்டது என்று சொல்ல வாயெடுத்து இடப்பக்கம் திரும்பினேன். திரும்பியதை ஹம்ஃப்ரி பார்த்துவிட்டான். தன் வண்டிச் சக்கரத்தில் காற்று குறைந்திருக்கிறதா என்று உடனே குனிந்து பார்த்தான்.

வெட்டிய தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் சமையலறை மேசையின் மேல், பழைய இடைவெளி வரும்படி அவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தேன். அடித்தளம் இல்லாததால் சாய்ந்தன. கையால் பிடித்துக்கொண்டாலும் இடைவெளி எவ்வளவு என்று நிச்சயமாகத் தெரியவில்லை. சைக்ஸ் எண்ணைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் பந்தயத்துக்குப் போகவில்லை. அக்டோபரில் நாட்டிங்ஹாமிலிருந்து ஓர் இளைஞன், வண்டியை விற்க நான் கொடுத்த விளம்பரம் பார்த்து மனைவியோடு வந்தான். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"இது நிஜமாவே ஸ்போர்ட்ஸ் காராங்க? இல்ல, சும்மா தகரத்தை மாட்டி வச்சதா?" என்று கேட்டான்.

"கிளப்புல சோதிச்சு அட்டை கட்டின வண்டி" என்றேன்.

"நீ உக்காந்து பாரு" என்றான் அவன் மனைவியிடம். அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இடப்பக்கம் இறங்கினாள். நல்ல ஆகிருதியான பெண். மெத்தையில் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள்.

"வசதியா இருக்கு" என்றாள். கதவைச் சாத்தினாள். ஒரே இழுப்பில் சாத்திக்கொண்டது.