நடுவில் நிற்காத சுழற்சி

ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பது போதாதென்று, தங்கை எழுதும் நிரலைச் சரிபார்க்கும் பொறுப்பும் அக்காவிடமே வந்து சேர்ந்தது. அன்றோடு போயிற்று தங்கையின் நிம்மதி.

பல் மருத்துவமனை ஒன்றுக்கான மென்பொருள் அது. யாராவது முன்பதிவை ரத்து செய்தால், காத்திருப்போரை வரிசையாகப் பார்த்து, அந்த நேரம் தோதுப்படும் முதல் ஆளுக்கு மட்டும் 'உடனே வரலாம்' என்று செய்தி அனுப்ப வேண்டும். தங்கை, வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துச் செல்லும் சாதாரண ஃபார் சுழற்சியில் எழுதியிருந்தாள். ஆள் கிடைத்ததும் பிரேக் என்ற கட்டளை, சுழற்சி நின்றுவிடும்.

அக்கா திருப்பி அனுப்பினாள். ஃபார் பழைய பாணியாம், ஃபார்ஈச் என்ற புதுவகைச் சுழற்சி போட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமாம். தங்கை காரணம் எழுதி மறுபடி அனுப்பினாள். படித்த அடையாளமே இல்லாமல் திரும்பி வந்தது. நேரே அக்காவின் மேசைக்குப் போனாள்.

"ஃபார்ஈச் நடுவுல நிக்காதுக்கா. கடைசி ஆள் வரைக்கும் ஓடும்."

"உள்ள ஒரு ரிட்டர்ன் போடு, நின்னுடும்," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிற்காது, அடுத்த ஆளுக்குத்தான் தாவும் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குச் சலித்துவிட்டது. சுவரில் முட்டினால் வலிப்பது நெற்றிக்குத்தான். எப்படியோ போகட்டும் என்று மாற்றிக் கொடுத்தாள். சோதித்துப் பார்த்தபோது காத்திருப்பில் ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்த்ததால் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

மறுவாரம் ஒருவர் முன்பதிவை ரத்து செய்தார். அந்த நேரம் தோதுப்பட்ட எல்லோருக்கும் செய்தி போய், மருத்துவமனை வரவேற்பறை முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். மேலாளர் அக்கா, தங்கை இருவரையும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார்.

தாடை வீங்கிய ஒருவர் பேச முடியாமல், கைபேசியில் வந்த செய்தியை அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டே நின்றார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"தப்பு என்னோடதுதான் டாக்டர்," என்றாள், அங்கே நின்ற மருத்துவரிடம். "இவ அப்பவே சொன்னா. நான்தான் கேட்கல."

தங்கைக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. சொன்னபடி கேட்டுக்கொண்டு மாற்றியது யார் என்பதும் உறுத்தியது.

திரும்பும்போது பேருந்தில் அக்கா சொன்னாள்:

"ஃபார்ஈச் வேண்டாம். ஃபாரும் வேண்டாம். ஃபைண்ட் போடு. பொருந்துற முதல் ஆளைக் கண்டுபிடிச்சதும் அதுவே நின்னுடும். அவருக்கு மட்டும் செய்தி அனுப்பு."

எதிர்த்துப் பேசக் காரணம் தேடினாள் தங்கை. ஒன்றும் அகப்படவில்லை. அக்கா சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை. "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.