பிந்தாத கடன்கள்

கோயிலில் பூசை முடிந்ததும், நோர்வேஜிய மொழியில் வந்த கடிதங்களை எல்லோரும் வினோஜாவிடம்தான் நீட்டுவார்கள். நோர்வேயிலேயே பிறந்தவள், புருசெத் என்ற பகுதியில் ஒரு வங்கியில் வேலை. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர் சிவானந்தன்.

அந்தக் கோடையில் எல்லார் கையிலும் ஒரே கடிதம். வீட்டுக்கடன்களை அவள் வேலை செய்யும் வங்கி தன் சகோதர நிறுவனத்துக்கு விற்கப்போகிறது. விரும்பாதவர்கள் எழுதி அறிவிக்கலாம்.

"அது சும்மா கடிதம், மாமா. ஒண்டும் எழுதத் தேவையில்லை," என்றாள் வினோஜா, சிவானந்தனுக்கும் மற்றவர்களுக்கும்.

ஒருவரும் எழுதவில்லை.

இலையுதிர் காலத்தில் சிவானந்தனின் மனைவி மங்களேஸ்வரிக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. வீடு வந்தால் பிடித்து எழுப்ப ஆள் வேண்டும். பஸ் ஓட்டும் சிவானந்தன் சம்பளமில்லாத லீவு எடுத்து அவளோடு இருக்க நினைத்தார். அதற்குச் சில மாதம் வட்டியை மட்டும் கட்ட வங்கி விடவேண்டும். பக்கத்து வீட்டு யோசேப்புக்கு அப்படி விட்டிருந்தார்கள்.

கேட்க வங்கிக்குப் போனபோது வினோஜா அவரை இருத்திக் கோப்பி வைத்தாள்.

"ஏலாது மாமா. உங்கடை கடன் இப்ப எங்களிட்டை இல்லை. அந்தக் கொம்பனி எல்லாக் கடனையும் ஒண்டாச் சேர்த்து, ஈடாக் காட்டி, கடன்பத்திரம் வித்திருக்கு. வங்கியெல்லாம் ஆடுற நேரம். அதிலை கைவைக்க விடுகினமில்லை."

"அப்ப யோசேப்பு?"

"அவரின்ரை கடன் போகேல்லை. அவர் பிந்திப் பிந்திக் கட்டுறவர். பிந்தாத கடனைத்தான் எடுத்தது."

சிவானந்தன் சிரிக்கப் பார்த்தார். "ஒழுங்காக் கட்டினது என்ரை பிழை."

அவள் மேசையைப் பார்த்தாள்.

"பிள்ளை, கோயிலிலை சொல்லேக்கை உனக்குத் தெரியுமோ?"

"ஓம் மாமா. எங்கடை ஆக்கள் பிந்தமாட்டினம் எண்டு மனேஜரிட்டை நான்தான் சொன்னனான். ஒருத்தரும் மறுக்காமப் பார் எண்டு மனேஜர் சொன்னவர். உங்களுக்கு இப்பிடி வருமெண்டு நினைக்கேல்லை."

கோப்பியைத் தொடாமல் எழுந்தார். வங்கி விற்றது வியாபாரம். அதை அவரால் பொறுக்க முடிந்தது. ஆனால் திருநீறு பூசிய நெற்றியோடு அவள் சொன்ன சொல்லை அவர் சாமி முன்னால் சொன்ன சொல்லாகவே எடுத்திருந்தார்.

லீவு எடுக்க முடியவில்லை. மங்களேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து எல்லிங்ஸ்ருட்டில் இருந்த வீட்டுக்கு வந்த மறுநாள், அவர் வேலைக்கு வெளிக்கிடும்போது மணி அடித்தது. வாசலில் வினோஜா, கையில் இடியப்பமும் சொதியும்.

"காலமையிலை நான் மாமியோடை இருக்கிறன். வங்கியிலை அரைநாள் கேட்டு எடுத்தனான்."

"இதுவும் மனேஜர் சொன்னவரோ?"

அவள் கண் கலங்கியது. ஆனால் அவள் நகரவில்லை.

"இஞ்சாருங்கோ, ஆரது?" உள்ளேயிருந்து மங்களேஸ்வரி கேட்டாள். "பிள்ளையை வாசலிலை நிப்பாட்டாதேங்கோ."

சிவானந்தன் விலகி வழிவிட்டார். "மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு. வலப்பக்கமாப் பிடிச்சு எழுப்பு," என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

படி இறங்கும்போது மேலே அவள் குரல் கேட்டது. "மெதுவா, மாமி. என்னைப் பிடியுங்கோ." அந்தக் குரலில் பொய் இல்லை. முருகா என்று ஒரு கணம் நின்றார்.

வங்கியிலிருந்து வந்த புதிய கடிதம் ஒன்று அவர் சட்டைப்பையில் இருந்தது. அதை அவர் வினோஜாவிடம் நீட்டவில்லை; வாசித்துச் சொல்லக் கேட்டு யோசேப்பிடம் எடுத்துப் போனார்.