ஒன்பதாம் அத்தியாயத்து இரைச்சல்

சலவைக்கடையின் பின்னறையில், கம்பிகளில் தொங்கும் கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே உட்கார்ந்துதான் அவள் வாசிப்பாள். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிந்து அனுப்புவது ஐந்து வருடப் பழக்கம். மதியம் இரண்டு மணி நேரம் கடை மூடியிருக்கும், இயந்திரங்களும் ஓய்ந்திருக்கும். தெருச் சத்தத்தைத் துணிகள் விழுங்கிவிடும். ஊரான் கோட்டில் கட்டிய ஸ்டூடியோ என்று கணவர் கேலி செய்வார்.

இப்போது கையிலிருந்தது சட்டப் புத்தகம். கேட்பவர் ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. முதலாண்டுச் சட்டத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. இருவரும் நேரில் சந்தித்ததில்லை. ஒவ்வொரு அத்தியாயம் போய்ச் சேர்ந்ததும் ஆபரேட்டர் கூப்பிட்டு நன்றி சொல்வார். பதினாலாவது போன அன்று நன்றியோடு ஒரு தயக்கமும் வந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. ஒன்பதாவதுலேருந்து பின்னாடி ஏதோ இரைஞ்சுக்கிட்டே இருக்கு. பொறுத்துப் பார்த்தேன், முடியல.”

அவளுக்குச் சுருக்கென்றது. இரைவது எதுவென்று தெரியும். பழைய மடிக்கணினியின் விசிறி. மூன்று வாரமாக, யாரோ துரத்துவதுபோல் சுழன்றுகொண்டிருந்தது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொடுத்த கொழுந்தன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். கரை தொட்டால்தான் பேச முடியும். கணவர் தனக்குத் தெரிந்த வைத்தியமாக அடியில் ஐஸ் பையை வைத்துப் பார்த்தார். பிறகு தொட்டுப் பார்த்துவிட்டு, இதன்மேல் ஒரு சட்டையை விரித்தால் இஸ்திரி ஆகிவிடும் என்றார்.

புத்தகத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. லினக்ஸ் என்று கேட்டதும் அவர் குரலில் தெம்பு வந்தது. அவர் வீட்டிலும் அதுதானாம். திரையில் இருப்பதை ஒரு கணினி நிரல் அவருக்கு வாசித்துக் காட்டும்.

“நாளைக்கு ரெண்டு மணிக்குக் கூப்பிடறேன். நீங்க திரையைப் படிங்க. நான் கேட்கறேன். நமக்குப் புதுசா என்ன?”

மறுநாள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திறந்து, அவர் சொன்ன மூன்று எழுத்தை அடித்ததும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல் விரிந்தது. உச்சியில் இருந்தது மட்டும் புராசசரில் தொண்ணூற்றெட்டு சதவீதத்தை வளைத்துப் போட்டிருந்தது. கோப்புகளையெல்லாம் படித்து, தேடும்போது சட்டென்று எடுத்துக் கொடுப்பதற்காக அட்டவணை போடுகிற பின்னணி நிரல் அது, வேலை முடிந்தால் தானே படுத்துவிட வேண்டும் என்று அவர் விளக்கினார். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். விசிறி அடங்கியது. அப்பாடா என்று அவள் சாய்ந்துகூட உட்காரவில்லை, அதற்குள் மறுபடி கிளம்பியது.

“எமலோகத்தை எட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வந்துடுச்சு தம்பி.”

அவர் சிரித்தார். அடுத்து, அந்த நிரல் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறக்கச் சொன்னார். சட்டப் பிரிவுகளை வாசிக்கிற அதே நிதானத்தில், எண், புள்ளி, சாய்கோடு எதையும் விடாமல் அவள் படித்துக்கொண்டே போனாள். நடுவில் நிறுத்தினார்.

“ஒரே பேரை நாலாவது தடவை படிக்கறீங்க அக்கா. ‘ஒன்பது, முதல் பாதி’ன்னு. அது என்ன கோப்பு?”

அவளுக்கு நினைவு வந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தைப் பதியும்போது மின்சாரம் போய் கணினி அணைந்துவிட்டது. மறுநாள் முழுவதையும் திரும்ப வாசித்தாள். பாதியில் செத்த கோப்பைத் தூக்கிப்போட மனம் வராமல் அப்படியே விட்டிருந்தாள். நிரல் அந்த உடைந்த கோப்பில் இடறி விழுவதும், எழுந்து முதல் கோப்பிலிருந்து மறுபடி எண்ணுவதுமாக இருந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். கேட்டதும் கோபம் போய் இரக்கமே வந்தது. மூன்று வாரமாக இதே வேலையா, பாவம் என்றாள்.

அழிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று நிரலிடம் சொன்னால் போதும் என்றார். தேடல் அமைப்புகளில் பதிவுகள் இருந்த ஃபோல்டருக்கு எதிரே இருந்த டிக் குறியை எடுத்தாள். அரைகுறையாகக் கிடந்த பழைய அட்டவணையைத் துடைத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினாள். விசிறி கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு இறங்கியது. இருவரும் அரை மணி காத்திருந்தார்கள். அது எழவே இல்லை.

“இப்போ உங்க சுவர்க்கடிகாரம் கேட்குது அக்கா” என்றார் ஆபரேட்டர்.

இரைச்சலோடு போன ஆறு அத்தியாயங்களையும் புதிதாக வாசிக்கப்போவதாகச் சொன்னாள். அதுவே போதும், வீண் சிரமம் என்று அவர் மறுத்தார். சுருக்கம் போகாத துணி என் கடையிலிருந்து வெளியே போனதில்லை என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள். விடுமுறை நாளிலும் பின்னறையில் உட்கார்ந்தாள். கணவர் கடை வாசலில் நின்று, ஹாரன் அடித்த வண்டிக்காரர்களிடம் சண்டை பிடித்தார். தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் கடைசி அத்தியாயம் போய்ச் சேர்ந்தது.

தேர்வு எழுதி முடித்த அன்று மாலையே ஆபரேட்டர் கூப்பிட்டார். எப்படி எழுதினீர்கள் என்பதற்கு, கேட்டதையெல்லாம் எழுதினேன் என்றார். பிறகு இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் கடைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

“இன்னும் ரிசல்ட்டே வரலையே தம்பி?”

“அது வர்றப்ப வரட்டும். நீங்க ஆரம்பிங்க.”