பெத்லகேம் வழியாக ஒரு பித்தளை இன்ஜின்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடியின் மேல் கிடைத்தது. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலி ரோசரி. மதியச் சாப்பாட்டின்போது தக்காளி சாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மூடியின் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டாள். "இது தண்டவாளம்க்கா. இங்க மாட்டுக் கொட்டில். இங்க எங்கப்பா உக்காந்திருந்தாரு." அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்; ஆனால் அது கதை என்று தெரிந்தது அந்த மூடியில்தான். நான் கதை எழுதுகிறவள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லி முடித்த கையோடு நிபந்தனையும் போட்டாள். "எங்க வீட்டுக்காரரைக் கேவலப்படுத்திடாதீங்க. அவருதான் ஜெயிக்கணும்." இன்னொன்றும் கேட்டாள். இரண்டுக்கும் சரி என்றேன். கதை கிடைக்கிறது என்றால் எழுதுகிறவர்கள் எதற்கும் சரி என்பார்கள்.

2

முதல் வரியைப் பல தடவை எழுதி அடித்தேன். அடித்ததும் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

பொன்மலை ரயில்வே பணிமனையின் சங்கு ஊதியபோது — (ஊதவில்லை. இது புத்தூரில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் நடக்கிறது. சங்கைக் கூட்டி வந்தால் கதைக்குக் கொஞ்சம் கனம் வருமே என்று பார்த்தேன்.)

நீராவி என்பது மனிதகுலத்தின் — (போதும்.)

பிலோமின்ராஜுக்கு ஆணி அடிக்கத் தெரியாது.

இது நிற்கும். ரோசரிக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை. பிலோமின்ராஜ் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். ரோசரி அவனைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து கட்டிக்கொண்டாள். அவள் அப்பா அற்புதசாமி நீராவி இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கு இன்ஜினில் கரி அள்ளிப்போடும் ஒரு ஃபயர்மேனைப் பார்த்து வைத்திருந்தார். கல்யாணத்தன்று கோயிலுக்கு வந்தார், பிரியாணி சாப்பிட்டார், போகும்போது மகளிடம் ஒரு வார்த்தை சொன்னார். "அந்தக் கையால ஒரு போல்ட்டை முறுக்கிக் காட்டச் சொல்லு. அன்னிக்கு உன் வீட்டுப் படி ஏறுறேன்."

சொன்னபடி ஏறவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை அவள்தான் பொன்மலைப்பட்டிக்குப் போய் வந்தாள். அப்பா தன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குக் கேட்கப் பொறுக்காது.

3

எண்பத்திரண்டில், இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த பிலோமின்ராஜின் அக்கா ஊருக்கு வந்தபோது ஒரு தட்டையான பெட்டியைக் கொண்டுவந்தாள். பிரித்தால் உள்ளே இன்ஜின் இல்லை. காகிதம் போல மெல்லிய பித்தளைத் தகடுகள். அமிலத்தால் அரித்து அரித்து, பாய்லர், புகைபோக்கி, படி, ஜன்னல் எல்லாவற்றையும் அந்தத் தகட்டிலேயே வரைந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நீராவி இன்ஜின். நீராவி என்பது பேச்சுக்குத்தான். பாய்லருக்குள் இருப்பது சுண்டைக்காய் மோட்டார், ஓட்டுவது பேட்டரி.

இந்த இடத்தில் என் கதாநாயகன் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஆணி அடிக்கத் தெரியாதவன் இதைச் செய்து முடித்தான் என்றால் வாசகர் நம்புவாரா? ஒரு மெக்கானிக் நண்பனைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். ரோசரியிடம் கேட்டேன். "ஏங்க்கா, பொண்டாட்டிக்காக ஒருத்தரு கத்துக்க மாட்டாரா?" என்றாள். நண்பனை நீக்கிவிட்டேன்.

தகட்டில் மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்குக் கோடு அரித்திருக்கும். கோடு உள்பக்கம் இருக்கும்படி மடிக்க வேண்டும். ஒரு தடவைதான் மடிக்கலாம். டிரைவர் நிற்கும் கூண்டை அவன் வெளிப்பக்கமாக மடித்தான். மேலே ஏறும் படி, கூண்டுக்குள் போய்விட்டது. நிமிர்த்தி மறுபடி மடித்தான். முறுக்கு போல ஒடிந்தது. ரேடியோ ரிப்பேர் கடை கியாசுதீனிடம் போய்ப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு வந்து, ஒடிந்த இடத்தில் ஈயத்தை அப்பினான். அந்த இன்ஜினில் பித்தளையை விட ஈயம்தான் அதிகம் என்பது என் கணிப்பு. ஆனால் நின்றது. தள்ளினால் உருண்டது.

4

கிறிஸ்துமஸுக்கு முன்னறையில் குடில் கட்டினார்கள். வைக்கோல், மாடு, இடையர்கள், நடுவில் பாலன். சுற்றிலும் தண்டவாளம். பெத்லகேமுக்கு ஏது ரயில் என்று நான் கேட்டேன். "ஞானிங்க ஒட்டகத்துல வந்தா லேட்டாயிடும்க்கா" என்றாள் ரோசரி. ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும் என்றாள். ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் கொலுச் செட்டியாரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தொப்பையும் கணக்குப் பெட்டியுமாக அவர் பெத்லகேம் ஜங்ஷனில் அமர்ந்தார்.

(எங்கள் வீட்டில் செட்டியார் எங்கே என்று தேடினார்கள். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.)

மாப்பிள்ளை தன் கையாலேயே இன்ஜின் செய்திருக்கிறார் என்று மகள் கூப்பிட்டதால் அற்புதசாமி வந்தார். படி ஏறினார். ஆனால் செருப்பைக் கால் எட்டும் தூரத்தில் விட்டுவிட்டு, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். ரோசரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை.

"கரி இல்ல, தண்ணி இல்ல. இது என்னா இன்ஜின்?"

பிலோமின்ராஜ் பேட்டரி ஒயரைச் சொருகினான். இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. மாட்டைத் தாண்டியது. இடையர்களைத் தாண்டும்போது புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. நிஜப் புகை! அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கைதட்டியது. அற்புதசாமி எழுந்தே விட்டார். "ஸ்டீம் ஏறுது பாரு, ஏறுது பாரு! விடாத, அப்படியே புடி!"

இன்ஜின் செட்டியார் முன்னால் வந்து நின்றது. கருகிய எண்ணெய் நாற்றம். மோட்டார் போய்விட்டது.

பிலோமின்ராஜ் தலை குனிந்து நின்றான். அற்புதசாமி அந்த இன்ஜினைக் கையில் எடுத்து, ஈயம் அப்பிய கூண்டைக் கட்டைவிரலால் தடவினார். "விடுங்க மாப்ள. நான் வந்து பாக்குறேன்" என்றார். பிறகு அந்தத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். ரோசரி அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுதாள். நானும்தான்.

5

இனி தைரியமாக எழுதலாம். ரோசரி எந்தக் கதையிலும் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும்தான் படிப்பாள். "நடுவுல எல்லாம் வர்ணனைதானேக்கா" என்பாள். (ஆணி விஷயத்தை இரண்டாம் பகுதியில் வைத்தது அதனால்தான்.) பிலோமின்ராஜ் படிப்பது பெட்டியோடு வந்த செய்முறைத் தாளை மட்டும். அற்புதசாமிக்குக் கதை என்றாலே பொய்.

ரோசரியின் இரண்டாவது நிபந்தனை இதுதான்: "எண்ணெய் போட்டது நான்னு எழுதிடாதீங்க." டிரைவர் வீட்டுப் பெண். எண்ணெய் போடாமல் இன்ஜின் புறப்பட்டுப் பார்த்ததே இல்லை. காலையில் கணவன் கோயில் பூசைக்குப் போயிருந்தபோது, தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டிருக்கிறாள்.

பிற்பாடு ஒருநாள் அவளைக் கூப்பிட வந்த பிலோமின்ராஜ், எக்ஸ்சேஞ்ச் வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "தாள்ல ஒரு சொட்டுன்னுதான் போட்டிருக்குங்க. மாமா வர்றாங்கன்னு பயத்துல குப்பியையே கவுத்துட்டேன். ரோசரிகிட்ட சொல்லிடாதீங்க."

செட்டியாரைத் திரும்ப வாங்கப் போனேன். அது ஞாயிற்றுக்கிழமை. அற்புதசாமி முன்னறையில் தரையில் உட்கார்ந்து, ஸ்குரூடிரைவரும் கையுமாக இருந்தார். செருப்பு எங்கோ மூலையில் கிடந்தது. "நீங்க வெளியாளு, அதனால சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் கேக்கு திங்கப் போனப்ப, கை சும்மா இருக்கலம்மா. பழைய எண்ணெய்க் கேனைச் சட்டைப் பையில கொண்டாந்திருந்தேன். இன்ஜின் கிளம்புறதுக்கு முன்னால சுத்தி வந்து ஊத்தித்தானே பழக்கம்? மாப்ள பாவம், தன் தப்புன்னு நெனச்சிட்டிருக்காரு."

ஆக, சுண்டைக்காய் மோட்டாருக்கு மூன்று அபிஷேகம்.

6

முடிவை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

ஒரு முடிவு: உண்மை தெரிகிறது, மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். (சினிமா.)

இன்னொன்று: உண்மை தெரிகிறது. "அப்ப நான் மட்டும் கெடுக்கல" என்று அற்புதசாமி ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொள்கிறார். அடுத்த ஞாயிறு அவருக்கு வர ஒரு காரணமும் இல்லை. ரோசரி தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே —

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

கெடுத்தவர் தான்தான் என்று மூவரும் தனித்தனியாக நினைக்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை. அதைக் கெடுக்க நான் யார்? எழுதாமலும் இருக்க முடியவில்லை, பழக்கம் அப்படி. அதனால் உங்கள் தலையில் கட்டுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இந்தப் பத்திரிகையும் கையுமாக ஒருத்தி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "கதை எப்படிங்க?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? முடிவு அதுதான். நான் விலகிக்கொள்கிறேன். அடுத்த பகுதி உங்களுக்கு இல்லை.

7

ரோசரி, நீ கேட்டபடியே முடித்துவிட்டேன். ஜெயித்தது பிலோமின்ராஜ்தான். தன் கையால் இன்ஜின் செய்தான், மாமனார் படி ஏறினார், தண்ணீர் குடித்தார். இப்போது ஞாயிறுதோறும் வந்து காபியும் குடிக்கிறார். இன்ஜின் நின்றுபோனதற்கு மோட்டார்தான் காரணம். வரும்போதே அது கொஞ்சம் நோஞ்சான். எண்ணெய் என்ற பேச்சே இந்தக் கதையில் கிடையாது. ஐந்தாம் பகுதியில் அச்சுப்பிழை அதிகம் என்று சொல்கிறார்கள், அதைத் திருப்பிப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. நடுவில் எல்லாம் வர்ணனைதான்.