கீழே வைக்க முடிந்த பாரம்

ஹட்டன் கடைவீதியில் ஒரு சாமான் கடை வாசலில் இப்போது கம்பிச் சுருள் தொங்குகிறது. இரண்டு கைப்பிடி, நடுவே இழுக்கிற ஸ்பிரிங்குகள், பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திய வெள்ளைக்காரன் படம். வீட்டிலிருந்தே பலசாலி ஆகலாமாம். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. என் வீட்டுக்காரர் வீரய்யா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வாசலில் வைத்திருந்தவற்றுக்குக் கடையுமில்லை, படமுமில்லை.

காற்றில் சாய்ந்த சவுக்கு மரத்திலிருந்து அவரே செதுக்கிய கர்லாக்கட்டை ஒரு சோடி. இரண்டு பிஸ்கட் டின்களில் சீமெந்து ஊற்றி, நடுவே இரும்புக் குழாய் செருகிய பாரம் ஒன்று. டின் துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் அதன் வரிகள் சீமெந்தில் பதிந்திருந்தன. விடியலில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே, சட்டையில்லாமல் பனியில் நின்று கட்டை சுற்றுவார். கட்டை தோளைத் தாண்டி முதுகுப்பக்கம் இறங்கி ஏறும்போது காற்று உறுமும். அடுப்பை ஊதிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் உடம்பிலிருந்து ஆவி பறக்கும். முடித்ததும் கைப்பிடிக்கு நல்லெண்ணெய் தடவித்தான் சுவரில் சாத்துவார். தாளிக்க எண்ணெய் இல்லை என்று நான் சண்டை போடுவேன்.

சுவர் ஒட்டிய அடுத்த காம்பிராவில் இருந்த பழனியாண்டி அண்ணன் கம்பளிக்குள்ளிருந்தே வம்பு பேசுவார். "தங்கச்சி, மாப்பிள்ளைய இந்த லயத்தையும் தூக்கி அந்தப் பக்கமா வைக்கச் சொல்லு. கொஞ்சம் வெயிலாச்சும் படட்டும்." என் வீட்டுக்காரரும் விடமாட்டார். "நீங்க உள்ள இருந்தா கனக்கும் மச்சான், வெளிய வாங்க" என்பார்.

ஐம்பத்தாறாம் வருடம் மழைக்காலத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய காற்றாடி நின்றுபோனது. அதன் இரும்புச் சக்கரத்தைக் கீழே இறக்கிப் பழுதுபார்த்தார்கள். மறுபடி ஏற்ற வேண்டிய அன்று சங்கிலிக் கப்பி அறுந்து கிடந்தது. கப்பியைச் சரிசெய்யட்டும், இல்லையென்றால் இன்னும் மூன்று பேரைக் கொடுங்கள் என்று அங்கே வேலையிலிருந்த என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். மாடியில் கொழுந்து குவிந்து கிடக்கிறது, ஆள் இல்லை என்றிருக்கிறார் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர். பிறகு சொன்னாராம்: "காலையில கட்டை சுத்துறியாமே? அந்த வீரத்த இங்க காட்டு."

பக்கத்தில் நின்று இதைக் காதால் கேட்டவர் பழனியாண்டி அண்ணன். அன்று மாலை என் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னவரும் அவர்தான்.

சக்கரத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு பாதி ஏணிப்படி போனபோது இவருக்கு முடியவில்லை. கீழே பெண்கள் உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விட்டால் அவர்கள் மேல்தான் உருண்டிருக்கும். விடவில்லை. மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாயில் இரத்தம் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் மரண விசாரணை. விசாரிக்க வந்தவர் சிங்கள ஐயா, மொழிபெயர்க்கத் தோட்டத்து உத்தியோகஸ்தர் கண்டாக்கையா. பெஞ்சில் துணி மூடிய உடம்பு கிடந்தது. காவல்காரன் என்னைக் கேட்காமலே எங்கள் வாசலிலிருந்து கர்லாக்கட்டைகளையும் சீமெந்துப் பாரத்தையும் தூக்கிவந்து மேசைக்கு முன்னால் வைத்திருந்தான். எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஏவியது யார் என்பதை அந்த ஐயா தம் கையால் எழுத வேண்டும்.

எங்கள் ஆட்கள் இழவு வீட்டில் செத்தவரைத் தாழ்த்திப் பேசமாட்டார்கள். ஒருவன் ஏவினான், இவன் அடங்கிச் செய்தான் என்று சொல்வது அவர்களுக்குத் தாழ்த்திப் பேசுவது. உடம்பு எதிரில் கிடந்ததால் அந்த இடத்தையும் இழவு வீடாகவே நினைத்துவிட்டார்கள். பழனியாண்டி அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அழுதபடி சொன்னார்:

"யானைங்க சாமி அவன். நாலு ஆளு பாரத்த ஒத்த ஆளாத் தூக்குவான். யாரையும் கிட்ட வரவிடமாட்டான். அவனுக்கு யாரு சொல்லணும்?"

கண்டாக்கையா அதில் ஒரு சொல்லைக்கூட விடாமல் சிங்களத்தில் சொன்னார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் கூட்டி. டீமேக்கர் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையை என் சனம் வைக்கவில்லை.

என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான். இவற்றை வீட்டில் தினமும் தூக்குவாரா?

"தூக்குவாருங்க. இது அவரா தூக்குனது. கை வலிச்சா கீழ வச்சிருவாரு. அந்தச் சக்கரத்தக் கீழ வைக்க முடியலைங்க. அத அவரு கேட்டுத் தூக்கல, டீமேக்கரையா தூக்கவச்சது" என்றேன்.

கண்டாக்கையா விசாரணை ஐயாவிடம் திரும்பி, "ஓவ்" என்றார். ஆமாம் என்று அர்த்தம். நான் சொன்ன அத்தனைக்கும் அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்தது கருவாடு வாங்குகிற சிங்களம். அதை வைத்துக்கொண்டு, டீமேக்கரை விரலால் காட்டி, இவர்தான் சொன்னார், இவர்தான் சொன்னார் என்று கத்தினேன். விசாரணை ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்டாக்கையா தம் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார். ஐயா இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு எழுதி முடித்தார். அளவுக்கு மீறிப் பாரம் தூக்கும் பழக்கத்தால் நேர்ந்த சாவு.

கர்லாக்கட்டைகளைக் கேட்டு இரண்டு முறை ஆபீசுக்குப் போனேன். விறகோடு சேர்ந்து ஸ்டோர் அடுப்புக்குப் போய்விட்டதாம். அந்தக் காற்று உறுமுகிற சத்தம் இல்லாத விடியலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் அதே சக்கரம் மறுபடி இறங்கியது. ஏற்றும்போது, கேட்காமலே, டீமேக்கர் நாலு ஆள் போட்டார். கீழே காம்பு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களை எழுந்து வெளியே போகச் சொன்னார். அந்த மாதம்தான் காம்பு பொறுக்கச் சேர்ந்திருந்த நானும் அவர்களோடு எழுந்து வாசலில் நின்று பார்த்தேன். நாலு பேரில் ஒருவர் பழனியாண்டி அண்ணன்.

இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "பெருமையாத்தானே தங்கச்சி சொன்னேன்" என்றார்.

"இன்னைக்கு நாலு பேர் எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கத் தொடங்கினேன்.