யாருடைய சாவி

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு எது, யாருடையது, எவ்வளவு என்று சொல்லும் குட்டிச் சொற்கள்தான் டிடர்மினர். இதைப் புத்தகத்தை வைத்து நடத்தினால் என் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் போனை நோண்டுவார்கள். எல்லாரும் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், பாவம். அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு பொருளை மேஜையில் போடவேண்டும். அடுத்தவர் பொருளை எடுத்து, "திஸ் இஸ் யுவர் பர்ஸ்" என்று உரியவரிடம் நீட்டவேண்டும். அவர் "யெஸ், மை பர்ஸ்" என்று வாங்கிக்கொள்வார். ஏதோ ஒரு பேனா என்றால் 'ஏ பென்'. இரண்டு பேருக்கும் இன்னதென்று தெரிந்த பேனா என்றால் 'த பென்'.

அன்றைக்கு நானும் என் வீட்டுச் சாவியைப் போட்டுத் தொலைத்தேன். புத்தி எங்கே போயிற்றோ! அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். மறதி நோய் வந்ததிலிருந்து, கதவு திறந்திருந்தால் அவர் பாட்டுக்கு நடந்து போய்விடுவார். அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அக்காவுக்கு அன்று காய்ச்சல். ஒரு வகுப்புதானே, ஓடி வந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

விளையாட்டு முடிவதற்குள் அடுத்த வகுப்புக்காரர்கள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள். அவரவர் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு எழுந்தார்கள். நானும் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டு வாசலில் அது பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. உற்றுப் பார்த்தேன். வளையத்தில் குட்டிக் கத்தரிக்கோல்; என் வகுப்பில் படிக்கும் டெய்லருடைய சாவி. போன் போட்டேன்.

"ஐயையோ டீச்சர், உங்க சாவி என்கிட்ட இருக்கு! பஸ்ல இருக்கேன், இதோ இறங்கி வந்துடறேன்."

அப்போதுதான் கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. பக்கத்துச் சந்தில் ஓடிச் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்பா அடுப்பு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் தீப்பெட்டி, மறு கையில் குச்சி.

"அப்பா! கொளுத்தாதீங்க!" என்று அலறினேன்.

பயந்துபோய்ப் பின்வாங்கினார். தீப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "யாரு நீ? எதுக்குக் கத்தற?"

"நான்தாம்பா, உங்க பொண்ணு!"

"என் பொண்ணு வேலைக்குப் போயிருக்கா. நீ யாரோ. போ இங்கேருந்து!"

வகுப்பு முழுக்க 'மை', 'யுவர்' என்று தொண்டை வறளக் கத்துகிறவள் நான். இங்கே அது செல்லுபடியாகவில்லை. அவருக்கு நான் யாரோ ஒரு பொம்பளை. கத்தக் கத்தக் குச்சியைப் பெட்டியின் பக்கம் கொண்டுபோனார். மூச்சை அடக்கிக் குரலைத் தணித்தேன்.

"ஐயா, கத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க. என்ன பண்றீங்க?"

"டீ போடறேன். அவ களைச்சுப்போய் வருவா."

"ஐயா, நான் உங்க பொண்ணுகூட வேலை பார்க்கறேன். டீ குடிச்சுட்டாளாம். அடுப்பை மூடிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னா. புழுக்கமா இருக்காம்."

"அவளா சொன்னா?"

"அவதான்யா சொன்னா. தீப்பெட்டியை என்கிட்ட குடுக்கச் சொன்னா."

நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார். பாவி மனுஷா, சீக்கிரம் என்று உள்ளுக்குள் கதறினேன். பிறகு அடுப்பைத் திருகி மூடினார். பின்பக்கம் மதில் சூழ்ந்த முற்றத்துக்குப் போகும் கதவைத் தள்ளித் திறந்தார். கம்பி வழியாகத் தீப்பெட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். அதுவரை அடக்கிவைத்தது பொத்துக்கொண்டு வந்தது. சந்திலேயே நின்று ஓவென்று அழுதேன்.

அவர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையைத் தடவினார்.

"ஏம்மா அழற? பயப்படாதே. என் பொண்ணு இப்ப வந்துடுவா. அவ வந்தா எல்லாத்தையும் பார்த்துப்பா."

நான் தலையை ஆட்டினேன்.